கியர் மாற்றுவது யார்?

வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், முன்பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் அதில் உட்கார அவ்வளவாக விரும்பமாட்டார்கள். எஞ்சின் பக்கத்திலேயே இருப்பதால் வெக்கை காலடியில் வந்து முட்டும். ஆனால் பௌதிகம் பார்க்க அதைவிட நல்ல இடம் காலி வீதி முழுவதும் தேடினாலும் கிடையாது.

சாரதியின் இடது கைப் பக்கம், நிலத்திலிருந்து ஓர் இரும்புத் தடி வளைந்து மேலே வருகிறது. நுனியில் ஒரு குமிழ். பஸ் நிற்கும்போதுகூட அது நடுங்கிக்கொண்டே இருக்கும். கொண்டக்டர் “ரைட், ரைட்” என்று தட்டியதும் சாரதியின் இடது கால் கிளச்சை அடிமட்டம் வரை மிதிக்கும். கை தடியைத் தள்ளும். கால் மெல்ல மேலே வரும். பஸ் ஒருமுறை குலுங்கிவிட்டு நகரும். பத்து மீற்றர் போவதற்குள் மறுபடி கால், மறுபடி கை. பிறகு மூன்றாம் கியர். அதற்குள் முன்னால் ஒரு முச்சக்கர வண்டி சடாரென்று வெட்டித் திரும்பும். மறுபடி இரண்டு. பம்பலப்பிட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த இடது கால் எத்தனை தரம் மிதித்தது என்று எண்ணிப் பாருங்கள். பாதி வழியிலேயே கணக்குத் தவறிவிடும்.

இத்தனை பாடு எதற்கு? எஞ்சினை நேராகச் சில்லில் பூட்டிவிட்டால் போதாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பஸ் டயரின் விட்டம் சுமார் 1 மீற்றர். அது ஒருதரம் உருண்டால் 3.14 மீற்றர் போகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் என்பது நிமிடத்துக்கு 1,000 மீற்றர். அப்படியென்றால் டயர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 318 சுற்றுச் சுற்றவேண்டும். அந்த நேரத்தில் டீசல் எஞ்சின் 1,900 சுற்றுச் சுற்றுகிறது என்று வையுங்கள். எஞ்சின் ஆறு சுற்றுச் சுற்ற டயர் ஒரு சுற்று. இதுதான் மேல் கியர்.

இதே ஆறுக்கு ஒன்று என்ற கணக்கோடு பஸ்ஸை மெதுவாக ஓட்ட முடியுமா? டீசல் எஞ்சினை நிமிடத்துக்கு 500 சுற்றுக்குக் கீழே இறக்கினால் இருமும், உதறும், பிறகு நின்றேபோகும். 500ஐ ஆறால் வகுத்து, 3.14ஆல் பெருக்கி, மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். கிட்டத்தட்ட 16 கிலோமீற்றர் வரும். அதாவது மேல் கியரில் பஸ் 16 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் ஓடவே முடியாது. சந்தைக்கு முன்னால் மாலை ஐந்தரை மணிக்கு 16 கிலோமீற்றர் வேகம் கிடைத்தால் அன்று ஏதோ விடுமுறை நாள் என்று அர்த்தம்.

அதனால்தான் கியர்ப் பெட்டி. முதல் கியரில் எஞ்சின் 40 சுற்றுச் சுற்றினால்தான் டயர் ஒருதரம் சுற்றும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வேகம் போய்விட்டது. எஞ்சின் 1,900 சுற்றில் கத்தினாலும் பஸ் மணிக்கு 9 கிலோமீற்றர்தான் போகும். ஆனால் போன வேகத்துக்குப் பதிலாக விசை வருகிறது. பற்சில்லுகளின் உராய்வில் போகும் கொஞ்சத்தை விட்டுவிட்டால், எஞ்சினின் முறுக்கு ஏறத்தாழ 40 மடங்காகிச் சில்லுக்குப் போகிறது. நின்ற இடத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களை இழுத்துக்கொண்டு கிளம்ப அது வேண்டும். பெட்டி வலுவை உண்டாக்குவதில்லை. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறது, அல்லது விசையைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறது.

டீசல் எஞ்சினுக்கு இன்னொரு குணமும் உண்டு. பெற்றோல் கார் எஞ்சின் 6,000 சுற்றுவரை போகும். பெரிய லொறியின் டீசல் எஞ்சினோ ஏறத்தாழ 1,000க்கும் 2,000க்கும் நடுவில்தான் மனம்வைத்து வேலை செய்யும். இவ்வளவு ஒடுங்கிய இடத்துக்குள் அதை வைத்திருக்கவேண்டும் என்றால் படிகள் நெருக்கமாக இருக்கவேண்டும். துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் பெரிய லொறிகளைக் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளைகள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். உலகத்தில் அந்த வகை லொறிகளுக்கு 10, 12, 18 கியர்கூட உண்டு. காருக்கு ஐந்தே போதும்.

இனி அந்தக் குலுக்கத்துக்கு வருவோம். கியர் மாற்றுவது ஒரு வேலை போலத் தெரிகிறது. உண்மையில் அது மூன்று வேலை. முதலாவது, எப்போது மாற்றுவது, எந்தக் கியருக்கு என்று முடிவெடுப்பது. இரண்டாவது, எஞ்சினைச் சற்று நேரம் பெட்டியிலிருந்து பிரித்துவைப்பது, கிளச் அதற்குத்தான். மூன்றாவது, பெட்டிக்குள் ஒரு பற்சில்லை விட்டு இன்னொன்றைப் பிடிப்பது. நம் 100ஆம் இலக்க பஸ்ஸில் மூன்றையும் சாரதியே செய்கிறார். கியர்ப் பெட்டியின் வரலாறு முழுவதும், இந்த மூன்றில் எதை மனிதரிடமிருந்து பொறி வாங்கிக்கொண்டது என்பதுதான்.

மூன்றாவது வேலையில் முதலில் கைவைத்தார்கள். வேறுவேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பற்சில்லுகளை ஒன்றோடொன்று கோக்கப் போனால் பல்லோடு பல் மோதி நறநறவென்று கேட்கும். பழைய லொறிச் சாரதிகள் அதைத் தவிர்க்க, கிளச்சை ஒருதரம் மிதித்து, நடுவில் விட்டு, அக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, மறுபடி மிதித்து மாற்றுவார்கள். எஞ்சினின் குரலைக் கேட்டே வேகத்தைக் கணித்தார்கள். பிறகு, கோக்கும் முன் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் கூம்பு வளையங்கள் பெட்டிக்குள் வந்தன. இரட்டை மிதி மிதிக்கும் பழக்கம் கார்களிலிருந்து போய்விட்டது. ஆனால் வட அமெரிக்காவின் கனரக லொறிகளில் அந்த வளையம் இல்லாத பெட்டிகள் நெடுங்காலம் நின்றன. இன்றும் சிலவற்றில் உண்டு.

இப்போது உங்கள் தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கொழும்பில் ஓடிய சிவப்பு நிற இரட்டைத் தட்டு பஸ் நினைவிருக்கிறதா? 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கை போக்குவரத்துச் சபை தொடங்கியது. லண்டனில் ஓடி முடித்த இரட்டைத் தட்டு பஸ்களை அது நூற்றுக்கணக்கில் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது. ‘ஆர்.டி.’ என்ற இனத்தைச் சேர்ந்தவை அவை. மேல் தட்டின் முன் இருக்கைதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண். கீழே சாரதியின் அறைக்குள் இருந்த அதிசயத்தைப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த பஸ்ஸில் நிலத்திலிருந்து வரும் நீண்ட தடி கிடையாது. சுக்கானுக்குக் கீழே விரலால் தள்ளக்கூடிய சின்னத் தடி ஒன்று. சந்தி வருகிறது, இரண்டாம் கியர் தேவைப்படும் என்று தெரிந்ததும் சாரதி முன்கூட்டியே அதை இரண்டில் வைத்துவிடுவார். அப்போது ஒன்றும் நடக்காது. வேண்டிய நேரம் வந்ததும் இடது காலால் ஒரு மிதியை மிதித்து விடுவார். அவ்வளவுதான், காற்றழுத்தம் மீதி வேலையைச் செய்து கியரை மாற்றிவிடும். முடிவு மனிதருடையது, மற்ற இரண்டு வேலையும் பொறியினுடையது.

இந்தப் பெட்டியை உருவாக்கியவர் வோல்டர் கோர்டன் வில்சன். முதலாம் உலகப் போரில் டாங்கியை உருவாக்கிய இருவரில் ஒருவர் என்று பெயர் பெற்றவரும் இவரே. இவருடைய பெட்டிக்குள் பற்சில்லுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதே இல்லை. நடுவில் ஒரு சூரியச் சில்லு. அதைச் சுற்றிக் கோள்கள் போலச் சிறு சில்லுகள். வெளியே உட்புறம் பல் வைத்த ஒரு வளையம். எல்லாம் எப்போதும் கோத்தபடியேதான் இருக்கும். வெளி வளையத்தை ஒரு பட்டையால் இறுக்கி நிறுத்தினால் ஒரு வேகம், அதை விட்டு வேறொன்றை இறுக்கினால் இன்னொரு வேகம். பல்லோடு பல் மோத வழியே இல்லை.

கிளச்சுக்குப் பதிலாக என்ன இருந்தது? எண்ணெய். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1905இல் ஹெர்மன் பொட்டிங்கர் என்ற ஜெர்மானியர், கப்பல் எஞ்சினின் சுழற்சியைத் திரவத்தின் வழியாகக் கடத்தும் ஒரு பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் லண்டன் பஸ்களில் போய்வந்த ஹரோல்ட் சின்க்ளேயர் என்ற பொறியியலாளருக்கு, பஸ் புறப்படும்போதெல்லாம் முன்னும் பின்னும் தூக்கியடிப்பது பொறுக்கவில்லை. கப்பலின் யுக்தியை பஸ்ஸுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று முயன்றார். 1930இல் டெய்ம்லர் நிறுவனம் அந்தத் திரவச் சில்லையும் வில்சனின் பெட்டியையும் சேர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயணி ஒருவரின் எரிச்சல் இவ்வளவு தூரம் போயிருக்கிறது. நாமும் தினம் எரிச்சல்படுகிறோம், இறங்கியதும் மறந்துவிடுகிறோம்.

வீட்டில் இரண்டு மேசை மின்விசிறி இருந்தால் இது புரிந்துவிடும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒன்றை மட்டும் போடுங்கள். மற்றதும் மெல்லச் சுற்றத் தொடங்கும். விரலை மட்டும் உள்ளே விடக்கூடாது. காற்றுக்குப் பதில் எண்ணெய், விசிறிக்குப் பதில் தகடு வைத்த இரண்டு கிண்ணங்கள். அதுதான் திரவச் சில்லு. ஒரு கிண்ணத்தை எஞ்சின் சுற்றும். பிரேக்கைப் பிடித்தால் மற்றது நிற்கும். எண்ணெய் சும்மா கலங்கிக்கொண்டிருக்கும், எஞ்சின் நின்றுபோகாது. பிரேக்கை விட்டால் குலுக்கமின்றி வண்டி நகரும்.

ஆக, நம் தாத்தா காலத்துக் கொழும்பு பஸ்ஸில் சாரதிக்குக் கிளச் நோவு இல்லை. இன்றைய பஸ்ஸில் இருக்கிறது. முன்னேற்றம் எப்போதும் நேர்கோட்டில் போவதில்லை. பிறகு வந்த டாட்டா, அசோக் லேலண்ட் பஸ்களின் கைக் கியர்ப் பெட்டி விலை குறைவு, முரட்டு வேலைக்குத் தாங்கும். எந்த ஊர்க் கராஜிலும் பிரித்துப் பூட்டலாம். முதலாளிக்கு அது பெரிய வசதி. அந்த வசதிக்கான விலையைச் சாரதியின் முழங்கால் கொடுக்கிறது என்பது என் கட்சி.

முடிவெடுக்கும் வேலையையும் பொறி வாங்கிக்கொண்டால் அது முழு ஓட்டோ கியர். 1939இன் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் ‘ஹைட்ராமெட்டிக்’ என்ற பெயரில் அதைக் கார்களில் கொடுத்தது. உள்ளே பார்த்தால் பழைய நண்பர்கள்தான்: திரவச் சில்லு, கோள் பற்சில்லு. கூடவே, வேகத்தையும் அக்ஸிலரேட்டரையும் எண்ணெய் அழுத்தத்தால் அளந்து தானே தீர்மானிக்கும் வால்வுகள்.

பெரிய லொறிக்காரர்கள் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. எண்ணெய் கலங்கும்போது சக்தி வெப்பமாகப் போகிறது; நெடுந்தூரம் ஓடும் லொறிக்கு அது வீணான டீசல். நின்று நின்று ஓடும் நகர பஸ், குப்பை லொறி, தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு எண்ணெய் வகை பொருந்தியது. நெடுந்தூர லொறிக்கு வேறொரு வழி கண்டார்கள். பழைய கைக் கியர்ப் பெட்டியையே வைத்துக்கொண்டு, கிளச்சை மிதிக்கவும் தடியைத் தள்ளவும் காற்றழுத்தக் குழாய்களைப் பூட்டி, அவற்றுக்குக் கட்டளையிட ஒரு கணினியை வைத்தார்கள். கிளச் இருக்கிறது, மிதிதான் இல்லை. வொல்வோ 2001இல் ‘ஐ-ஷிப்ட்’ என்று இப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. 12 கியர். ஆனால் பெட்டிக்குள் பன்னிரண்டு சோடி கிடையாது. மூன்று கியர் உள்ள ஒரு பெட்டி, அதற்கு முன்னால் இரண்டாகப் பிரிக்கும் ஒன்று, பின்னால் இரண்டாகப் பிரிக்கும் இன்னொன்று. 3×2×2.

சரி, புதிதாக லொறி ஓட்டப் பழகும் ஒருவருக்கு எது நல்லது? கனடாவில் லொறி ஓட்டும் மாமாவோ சித்தப்பாவோ உங்களில் சிலருக்கு இருப்பார். அவரிடம் கேளுங்கள், அங்கே இது சட்டத்துக்கே வந்துவிட்டது. ஒன்டாரியோ மாகாணத்தில் 2022 ஜூலை முதல், இழுவை லொறிக்கான பரீட்சையை ஓட்டோ கியர் வண்டியில் கொடுத்தவர் அந்த வகுப்பில் கைக் கியர் லொறியை ஓட்டக்கூடாது. அமெரிக்காவிலும் இப்படியொரு கட்டுப்பாடு உண்டு. கைக் கியரில் தேறியவர் இரண்டையும் ஓட்டலாம். இதை வைத்துச் சிலர், ஓட்டோ கியரில் ஓட்டுகிறவர் அரைச் சாரதி என்று கேலி செய்வதும் உண்டு. அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. தெஹிவளை மேம்பாலத்து ஏற்றத்தில் வரிசையில் நின்று, வண்டி பின்னுக்கு உருளாமலும் எஞ்சின் நிற்காமலும் கிளம்புவதிலேயே பழகுநரின் புத்தி முழுவதும் போய்விடும். கிளச் கருகும் மணம் வேறு. அந்த நேரத்தில் பக்கக் கண்ணாடியில் தெரியும் சைக்கிள்காரரை யார் பார்ப்பது? இந்த வேலைகளைப் பொறி எடுத்துக்கொண்டால் கண் வீதிக்குத் திரும்புகிறது. காலி வீதி போன்ற இடத்தில் புதியவருக்கு ஓட்டோ கியரே மேல்.

மலைநாட்டு வீதி வேறு கதை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். கரட்டும் கோவாவும் ஏற்றி மொத்தம் 10 தொன் எடையுள்ள லொறி ஒன்று அங்கிருந்து றம்பொடை வளைவுகளில் இறங்கிப் பேலியகொடைச் சந்தைக்கு வருகிறது. உயரத்தில் இருந்த அந்தப் பாரத்தின் சக்தி எங்கேயாவது போய்த்தான் ஆகவேண்டும். திணிவை ஈர்ப்பாலும் உயரத்தாலும் பெருக்குங்கள்: 10,000 × 9.8 × 1,868. ஏறத்தாழ 18 கோடியே 30 இலட்சம் ஜூல் வருகிறது. 600 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை முழுக்கப் பிரேக்கின் தலையில் போட்டால் அது பழுக்கக் காய்ந்து, பிடிக்கவேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகும்.

அனுபவசாலிகள் இறக்கம் தொடங்குமுன்னே கீழ்க் கியரில் போடுவார்கள். சில்லுகள் எஞ்சினைச் சுற்றவைக்க, எஞ்சின் அதை எதிர்த்து லொறியைப் பிடித்துவைக்கும். ஏறிவந்த கியரிலேயே இறங்கு என்பது லொறிக்காரர்களின் பழைய கணக்கு. இந்த இடத்தில்தான் சாதாரண ஓட்டோ பெட்டி சறுக்குகிறது. சாரதி அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார்; பாரம் குறைந்துவிட்டது போலும் என்று பெட்டி நினைத்து மேல் கியருக்குப் போகிறது. வேகமும் பாரமும் அதற்குத் தெரியும். அடுத்த வளைவுக்கு அப்பால் இறக்கம் இருப்பது தெரியாது. செய்மதியின் உதவியோடு மேடு பள்ளங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் லொறிகளும் இப்போது வந்துவிட்டன. மற்ற ஓட்டோ பெட்டிகளிலும் கீழ்க் கியரில் பிடித்துவைக்க ஒரு வழி இருக்கும். ஓட்டோ கியரில் பழகும் ஒருவரிடம் அந்தப் பொத்தான் எங்கே, எப்போது என்று கேட்டுச் சொல்லத் தெரியாவிட்டால், அவரை மலைக்கு அனுப்பக்கூடாது என்பேன். முடிவெடுக்கும் வேலை இங்கே முழுவதுமாகக் கைமாறவில்லை.

கியரே இல்லாத வண்டியும் கொழும்புக்குப் புதிதல்ல. 1953 முதல் 1964 வரை, மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் டிரொலி பஸ்கள் இங்கே ஓடின. மின் மோட்டர் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையைக் கொடுக்கும், 500 சுற்றுக்குக் கீழே மூச்சு முட்டுவதில்லை. அதனால் மூன்று வேலையுமே அதற்கு இல்லை. சில மின் லொறிகளுக்கு மட்டும் இரண்டு மூன்று படி வைக்கிறார்கள்.

மோட்டரைச் சில்லு சுற்றினால் அது மின்பிறப்பாக்கியாக மாறிவிடும். சுவிட்சர்லாந்தின் பீல் நகருக்குப் பக்கத்தில் ஒரு கல்லுடைக்கும் மலையில் ‘இ-டம்பர்’ என்ற மின் லொறி வெறுமையாக மேலே ஏறி, 65 தொன் கல்லோடு கீழே இறங்குகிறது. இறங்கும்போது மின்கலத்தில் சேர்வது, ஏறும்போது செலவானதைவிட அதிகம். நம் மரக்கறி லொறியும் பெரும்பாலும் பாரத்தோடு இறங்கும் சாதிதான். அந்த 18 கோடியே 30 இலட்சம் ஜூலை 36 இலட்சத்தால் வகுங்கள். வீட்டு மின்கட்டணத்தில் வரும் அலகு கிடைக்கும். கிட்டத்தட்ட 51. பாதியைத்தான் பிடிக்க முடிந்தது என்று வைத்தாலும் 25 அலகுக்கு மேல். இந்த மாதத்துப் பில்லை எடுத்து, உங்கள் வீடு அதை எத்தனை நாளில் செலவழிக்கிறது என்று கணக்குப் பாருங்கள். பிறகு அதே லொறி பாரத்தை இறக்கிவிட்டு, மொத்தம் 6 தொன் எடையோடு மேலே ஏற எத்தனை அலகு வேண்டும் என்றும் போடுங்கள்.